எழுதியவர் யார் என்று எழுதுங்கள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் மருந்தாய்வு நடத்தும் மருத்துவர்களுக்கும், அவற்றுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறைக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

என் அக்காளின் கால்களைப் பற்றி நான் நான்கு முறை பொய் எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டு மருந்து முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஓர் ஆய்வில் அக்கா சேர்ந்திருந்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாக்ளிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். கடலூர் முதுநகரிலிருந்து விடியலில் கிளம்பி, பஸ் மாறிப் புதுச்சேரி போய்ச் சேர்ந்து, ரத்தம் கொடுத்து, எடை பார்த்து, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு வினாத்தாளைக் கையில் கொடுப்பார்கள். அக்காவின் கண்ணாடி வீட்டில் இருக்கும். "நீயே போட்டுவிடு தம்பி, உனக்குத் தெரியாததா" என்பார். கை கால்களில் உணர்வின்மை ஏற்பட்டதா என்று ஒரு கேள்வி. படித்துக் காட்டினேன். "அதெல்லாம் இல்லையப்பா, நினைவோடுதானே உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். 'இல்லவே இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

நான்காவது தடவை திரும்பி வரும்போது கடலூர் பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தோம். டீக்கடை வரை வந்த பிறகுதான் பார்த்தேன், அக்காவின் இடது காலில் செருப்பு இல்லை. பஸ் படியிலேயே கழன்றிருக்கிறது. வெயிலில் தார்ச்சாலை கொதித்தது, அவருக்குத் தெரியவில்லை. "கால் மதமதவென்று இருக்கிறது, பஞ்சை மிதிப்பது போல. இரண்டு மூன்று மாதமாக இப்படித்தான்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேட்கவில்லையே" என்றார்.

கேட்டார்கள். அவருக்குத் தெரியாத தமிழில் கேட்டார்கள். பதிலை எழுதியவன் நான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. முப்பது வருடத்துக்கு மேல் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உரிமம் பெற்ற ஆவண எழுத்தராக இருந்தவன். அடுத்தவர் சொல்வதை எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அக்காவின் சிகிச்சை முடிந்த பிறகு, அதற்குத் தொடர்பில்லாத வேறொரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் சார்பான உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகளின்படி குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது என்னைப் போல மருத்துவம் படிக்காதவராக இருக்க வேண்டும். அங்கே போனதால்தான் கீழே சொல்லும் விவரங்களெல்லாம் எனக்குத் தெரிய வந்தன. அதற்கு முன் கன்சார்ட் என்றால் என்னவென்று கேட்டிருந்தால் ஏதோ சிமென்ட் என்று சொல்லியிருப்பேன்.

இரண்டு சென்ட் மனையை விற்கும் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். விற்பவர் கைநாட்டு வைப்பவராக இருந்தால், படித்துக் காட்டிய பிறகே வைத்தார் என்று எழுதியிருக்கும். சாட்சிகள் இருவரின் பெயர், தகப்பன் பெயர், விலாசம். கடைசியில் பத்திரத்தை எழுதியவர் பெயரும் உரிம எண்ணும். எங்கேனும் அடித்துத் திருத்தியிருந்தால் அதற்கும் குறிப்பு. வெற்றிடம் விட்டால் கோடு போட்டு அடைப்போம். பின்னால் யாரும் எதையும் செருகிவிடக் கூடாது. இவ்வளவும் இரண்டு சென்ட் மண்ணுக்கு. ஓர் உடம்பு பட்ட பாட்டைப் பதியும் தாளில் 'எழுதியவர்' என்று ஒரு வரி இல்லை. அக்காவின் தாளில் என் பெயர் எங்கும் கிடையாது. நாளைக்கு அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவரும்போது, நோயாளிகளே தெரிவித்தபடி கால் மரத்துப்போவது இத்தனை பேருக்கு இல்லை என்று ஒரு எண் இருக்கும். அதற்குள் என் டிக்கும் இருக்கும்.

இப்படி நோயாளியிடம் கேட்டு வாங்கும் பதில்களுக்கு ஆய்வு மொழியில் 'நோயாளி தெரிவிக்கும் விளைவு' என்று பெயர். அதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009இல் ஒரு விளக்கம் சொன்னது. நோயாளியிடமிருந்து நேரே வர வேண்டும். மருத்துவரோ வேறு எவருமோ இடையில் புகுந்து அதற்குப் பொருள் சொல்லியிருக்கக் கூடாது. தம்பியும் அந்த 'வேறு எவரும்' என்பதில் அடக்கம்.

இப்படி வாங்கிய பதில்களை ஆய்வுக் கட்டுரையில் எப்படி எழுதுவது என்பதற்கும் ஒரு நெறி இருக்கிறது. ஆய்வு முடிவுகளை எழுதுவதற்கான கன்சார்ட் நெறியோடு 2013இல் ஐந்து அம்சங்களைச் சேர்த்தார்கள். பத்திரக்காரன் கண்ணால் படித்தால் அவை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. கட்டுரைச் சுருக்கத்திலேயே, நோயாளி சொன்னது முதன்மை விளைவா (ஆய்வு முக்கியமாக அளப்பது) துணை விளைவா என்று சொல்லிவிடு என்கிறது; சொத்து இன்னது என்று பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே சொல்வது போல. எந்தெந்த அம்சத்தைக் கேட்கப்போகிறாய், என்ன எதிர்பார்க்கிறாய் என்று முன்கூட்டியே வரையறு என்கிறது, அது நான்கெல்லை. வினாத்தாள் நம்பகமானது என்பதற்கு ஆதாரம் என்ன, அதை எப்படி நிரப்பினார்கள், யார் நிரப்பினார்கள் என்று சொல் என்கிறது. முதல் பாதி முன்பத்திரம், பின்பாதி எழுதியவர் கையெழுத்து. விடுபட்ட பதில்களைக் கணக்கில் எப்படிக் கையாண்டாய் என்று கேட்கிறது. கடைசியாக, இந்தப் பதில்களுக்கு உள்ள குறைகளைச் சொல், இவை வேறு எவருக்கெல்லாம் பொருந்தும் என்றும் சொல் என்கிறது. எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் வில்லங்கச் சான்று.

அந்த மூன்றாவது அம்சத்தில் 'யார் நிரப்பினார்கள்' என்ற சொற்களில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

கட்டுரை எழுதும்போது தேடினால் அது கிடைக்காது. ஆய்வுத் திட்டம் தீட்டும்போதே ஏற்பாடு இருக்க வேண்டும். அதற்காக 2018இல், ஆய்வுத் திட்டம் எழுதுவதற்கான ஸ்பிரிட் நெறிக்கும் 16 அம்சங்கள் கொண்ட ஓர் இணைப்பு வெளிவந்தது. நோயாளிக்குப் பதிலாக இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தால் அதைத் திட்டத்திலேயே குறிப்பிட்டுக் காரணமும் காட்ட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மொழியில் வினாத்தாள் இருந்தால், மொழிபெயர்ப்பு உரிய முறைப்படி நடந்ததா என்று சொல்ல வேண்டும். எந்தெந்த நாளில் கேட்பது, ஏன் அந்த நாள் என்றும் சொல்ல வேண்டும்.

எங்கள் குழுவுக்கு வரும் திட்டங்களில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே வரிதான் இருக்கும்: 'தரப்படுத்தப்பட்ட தமிழ் வினாத்தாள் பயன்படுத்தப்படும்.' அந்த வரியைப் படித்துவிட்டு நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தடவையாவது, "அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள், படித்துப் பார்க்கலாம்" என்று கேட்டதில்லை. ஒப்புதல் படிவத்தில் ஒற்றுப் பிழை பார்ப்பேன். வினாத்தாளை இணைப்பு என்று தள்ளிவிடுவேன். குழுக்களை நோக்கி நான் விரல் நீட்டினால் அதில் ஒரு விரல் என் பக்கம்தான் திரும்பியிருக்கிறது.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஈஓஆர்டிசி என்ற ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு தன் வினாத்தாள்களை மொழிபெயர்க்கும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கி, அதை மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்து, பிறகு 10 முதல் 15 நோயாளிகளிடம் கொடுத்து, எந்தக் கேள்வி புரியவில்லை, எது குழப்புகிறது, எது மனத்தைப் புண்படுத்துகிறது என்று கேட்கிறார்கள். அந்தக் கடைசிப் படியில் எங்கள் ஊர்க் கிழவி ஒருத்தி உட்கார்ந்திருந்தால் 'உணர்வின்மை' அங்கேயே அடிபட்டுப் போயிருக்கும்.

அப்படியும் ஓர் ஊரின் தாள் இன்னோர் ஊருக்கு அப்படியே பொருந்திவிடாது. அந்த அமைப்பின் க்யூஎல்க்யூ-சி30 என்ற 30 கேள்வித் தாளில், முதல் கேள்வியே கனமான கடைப் பையோ சூட்கேஸோ தூக்குவது போன்ற வேலை சிரமமாக இருக்கிறதா என்பதுதான். எங்கள் தெருவில் சூட்கேஸ் கல்யாணத்துக்கு ஒருமுறை பரண் மேலிருந்து இறங்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்ற முடிகிறதா என்று கேட்டால் மறுநொடி பதில் வரும். தளர்ச்சியாக இருந்ததா, களைப்பாக இருந்ததா என்று அந்தத் தாள் தனித்தனியாகக் கேட்கிறது. எங்கள் பக்கம் அசதி, அலுப்பு, சோர்வு, தள்ளாமை என்று நான்கு சொற்கள் புழங்குகின்றன. பஸ்ஸில் வந்த அலுப்பும், மருந்து ஏறிய பிறகு கை தூக்க முடியாத அசதியும் ஒன்று என்று சொன்னால் எந்தப் பெண்ணும் சிரிப்பார். மரத்துப்போவது பற்றியோ அந்த முப்பதில் ஒரு கேள்வியும் கிடையாது. அதற்கு அதே அமைப்பு 20 கேள்விகளில் தனித் தாள் வைத்திருக்கிறது. நரம்பைத் தாக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பொதுத் தாளை மட்டும் நீட்டினால், நரம்பில் ஒன்றுமில்லை என்றுதான் முடிவு வரும். எந்த அம்சத்தைக் கேட்கப்போகிறாய் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்வது வெறும் காகித வேலை என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது நாள். பெரும்பாலான தாள்கள் 'கடந்த ஒரு வாரத்தில்' என்று கேட்கின்றன. அக்காவுக்கு 21 நாளுக்கு ஒருமுறை மருந்து. ஏற்றிய மூன்றாம் நாள் எலும்பெல்லாம் முறிப்பது போல வலி தொடங்கும். ஏழெட்டு நாள் படுக்கையே கதி. இரண்டாவது வாரம் எழுந்து உட்காருவார். மூன்றாவது வாரம் தேவனாம்பட்டினத்து நெத்திலி வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வைப்பார். தாளை நீட்டுவது எப்போது? அடுத்த மருந்துக்குப் போகும் 21ஆம் நாள். அப்போது 'கடந்த ஒரு வாரம்' என்பது நெத்திலிக் குழம்பு வைத்த வாரம். வலித்த வாரத்தைப் பற்றி அவரிடம் எந்தத் தாளும் கேட்கவே இல்லை. மருத்துவமனைக்கு வரும் நாளில் கேட்பது உங்களுக்கு வசதி, மறுக்கவில்லை. ஆனால் மருந்துச் சுற்றின் எத்தனையாவது நாளில் கேட்டோம் என்று கட்டுரையில் எழுதிவிடுங்கள்; படிப்பவர் புரிந்துகொள்வார். ஒரு போன் போட்டு ஐந்தாம் நாளில் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது.

விடுபட்ட தாள்களைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதையடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் கரையோர ஊர்கள் மூழ்கின. அந்த வாரம் எந்த ஆய்வுக்கும் இந்தப் பக்கத்து நோயாளி வந்திருக்க முடியாது. அவர்கள் தாள் வெற்றாக இருப்பதற்குக் காரணம் மழை. இரண்டு மருந்துப் பிரிவிலும் அது ஒரே மாதிரி விழுந்திருக்கும். கணக்கு பெரிதாகச் சாயாது. வேறொரு வெற்றுத்தாள் இருக்கிறது. வாந்தி நிற்கவில்லை, பஸ்ஸில் உட்கார முடியாது என்று வராமல் இருந்துவிட்டவருடையது. அவர்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய முதல் ஆள். அவரை விட்டுவிட்டு வந்தவர்களை மட்டும் கூட்டி வகுத்தால், கடுமையான மருந்துதான் சாதுவாகத் தெரியும். இரண்டு வெற்றுத்தாளும் கோப்பில் ஒரே மாதிரிதான் இருக்கும், யாராவது ஓரத்தில் காரணம் எழுதி வைத்தாலொழிய. 'புயல்', 'உடம்பு முடியவில்லை', 'கொடுக்க மறந்துவிட்டோம்' என்று ஒரு சொல் போதும். மூன்றாவதை எழுதக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

டாக்டர்தான் பக்கவிளைவுகளைத் தனியே பதிகிறாரே, நோயாளி தாள் எதற்கு என்று ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார். இத்தாலியில் நடந்த மூன்று ஆய்வுகளில் சேர்ந்த 1,090 நோயாளிகளின் தாள்களையும் அவர்களுடைய மருத்துவர்களின் பதிவுகளையும் ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டார்கள். பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல் ஆகிய ஆறு தொல்லைகள். நோயாளி இருக்கிறது என்று எழுதியிருந்தும் மருத்துவர் பதிவில் இல்லாமல் போனது, தொல்லையைப் பொறுத்து நூற்றுக்கு 40.7 முதல் 74.4 வரை. முடி உதிர்ந்ததுகூட விடுபட்டிருக்கிறது! எதிரே உட்கார்ந்திருப்பவரின் தலைக்கே இந்த நிலை என்றால் செருப்புக்குள் இருக்கும் பாதத்தை யார் பார்ப்பார்கள்?

கேட்டுத் தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நியூயார்க்கில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் 766 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் தங்கள் தொல்லைகளைக் கணினியில் தாங்களே பதிந்தார்கள். தொல்லை கூடினால் நர்சுக்குத் தகவல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017இல் வெளியான முடிவில், பதிந்தவர்கள் பிரிவில் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31.2 மாதம், மற்றதில் 26 மாதம். ஒரே மருத்துவமனை என்பதால் இதை எங்கும் பொருந்தும் என்று தூக்கிப்பிடிக்க மாட்டேன். அங்கே நோயாளி எழுதியதை அன்றன்றைக்கு ஒருவர் படித்தார் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

நம் நோயாளிகளும் அப்படித்தான் நம்புகிறார்கள். "எழுதிக் கொடுத்தாயிற்றே, டாக்டர் பார்த்திருப்பார்" என்று அக்கா பல தடவை சொல்லியிருக்கிறார். தாள் நேராக உறைக்குள் போகிறது, ஆய்வு முடிந்த பிறகுதான் யாராவது திறப்பார்கள் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நடுவில் யாராவது பார்ப்பார்களா, மாட்டார்களா என்பதைத் திட்டத்தில் சொல்லியாக வேண்டும் என்று ஸ்பிரிட் இணைப்பு கேட்கிறது. திட்டத்தில் மட்டும் போதாது, ஒப்புதல் படிவத்திலும் தமிழில் சொல்லுங்கள்: 'இந்தத் தாளில் எழுதுவதை உங்கள் டாக்டர் உடனே பார்க்க மாட்டார். தொல்லை இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.' இந்த இரண்டு வாக்கியத்துக்கு எந்த விதியும் குறுக்கே நிற்காது.

திறக்காமலேயே போகும் உறைகளும் உண்டு. பிரிட்டனில் நோயாளி தெரிவிக்கும் விளைவுகளைச் சேகரித்த 160 புற்றுநோய் ஆய்வுகளைப் பார்த்தார்கள். 61 ஆய்வுகள் அந்தப் பகுதியை வெளியிடவே இல்லை. அவற்றில் கலந்துகொண்டவர்கள் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர். அத்தனை பேரும் உட்கார்ந்து டிக் போட்டவர்கள். இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் மருந்தாய்வுகளை சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். முதன்மை விளைவு, துணை விளைவு என்று அங்கே இடம் இருக்கிறது. வினாத்தாள் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் அதன் பெயரையும் கேட்கும் நாட்களையும் அங்கே எழுதுங்கள். எழுதிவிட்டு வெளியிடாமல் விட்டால் என்னைப் போன்ற கிழவன் ஒருவன் தேடிப் பார்த்துக் கேட்பான்.

இடமில்லை என்பது மருத்துவர்கள் சொல்லும் சமாதானம். பத்திரிகைகள் இத்தனை சொல்லுக்குள் எழுதச் சொல்கின்றன, 'நிரப்பியவர் யார்' என்றெல்லாம் விவரிக்க முடியாது என்கிறார்கள். நான் கேட்பது ஒரே வாக்கியம்: இத்தனை தாள்களில் நோயாளி தாமே நிரப்பியவை இத்தனை, படித்துக்காட்டி நர்ஸ் நிரப்பியவை இத்தனை, வீட்டார் நிரப்பியவை இத்தனை. இதைவிட நீளமான வாக்கியங்களில் நன்றி தெரிவிக்கிறீர்கள். ஆய்வு ஒருங்கிணைப்பாளர்களின் பாடு வேறு. அது நியாயமான பாடு. ஒரு பெண் பிள்ளை, அறுபது பேர் வரிசை, கையில் நான்கு ஆய்வுகளின் தாள். அவரிடம் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்டு என்றால் எங்கே போவார்? அதற்கு ஆளையும் நேரத்தையும் ஆய்வின் செலவுக் கணக்கில் போடுங்கள். ரத்தம் எடுக்க ஆள் போடாத ஆய்வை எந்தக் குழுவாவது அனுமதிக்குமா?

என் அளவில் ஒன்றை முடிவு செய்திருக்கிறேன். இனி எங்கள் குழுவுக்கு வரும் திட்டத்தில் நோயாளி வினாத்தாள் இருந்தால், அந்தத் தாளையே மேசைக்குக் கொண்டுவரச் சொல்வேன். உரக்கப் படிப்பேன். மருந்தகத்தில் வரிசையில் நிற்கும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று கேட்கச் சொல்வேன். 'நிரப்பியவர்' என்று ஒரு கட்டம் இல்லாத தாளுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். சக உறுப்பினர்களுக்கு எரிச்சல் வரும். சார்பதிவாளர்களின் எரிச்சலைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அக்காவின் ஆய்வை நடத்தியவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், அவருடைய பங்கேற்பாளர் எண்ணுடன். உங்கள் கணக்கு முடிந்திருக்கலாம். திருத்துவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பழைய பதிலை அடிக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். அந்த நான்கு தாள்களின் ஓரத்திலும் 'தம்பி நிரப்பியது' என்று எழுதிக்கொள்ளுங்கள். கால் மரப்பு பற்றி அவரிடமே கேட்க வேண்டுமென்றால் மதியம் வீட்டில் இருப்பார். மதமதப்பு உண்டா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
பத்திரம் எழுதிப் பிழைத்த ஒருவன்
கடலூர் முதுநகர்